“குளிச்சாச்சு” என்று சாதிக்கும் அத்தை

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறோம். அத்தைக்கு (மாமியார்) 76 வயது, மூன்று வருடமாக மறதி நோய். குளிக்கக் கூப்பிட்டால் “காலையிலேயே குளிச்சாச்சு” என்கிறார். கையைப் பிடித்து இழுத்தால் அடிக்கிறார். கணவருக்குப் புனலூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவார். என்ன செய்வது?

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். அத்தை பொய் சொல்லவில்லை, அவர் மனதில் குளித்து முடித்துவிட்டார், நீங்கள் மறுக்க மறுக்கக் கோபம்தான் ஏறும். “சரி அத்தை, கால் மட்டும் கழுவிட்டு வந்து காபி குடிப்போம்” என்று கூட்டிப்போங்கள்.

அப்புறம், தினமும் குளிக்கத்தான் வேண்டுமா? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாளில் முகம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு எல்லாம் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். சிறுநீர், மலம் பட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே கழுவிவிட வேண்டும்.

குற்றால அருவியில் நின்று குளித்தவருக்குத் தண்ணீரில் என்ன பயம் என்று தோன்றும். ஆனால் இந்த நோயில் தலையில் திடீரென விழும் தண்ணீர் பலரையும் மிரட்டிவிடும். ஷவர் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சூட்டை உங்கள் முழங்கையில் பார்த்துவிட்டு, பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள், தலை கடைசியில். சாரல் காலத்தில் காலை ஆறு மணிக்குக் குளிக்கவைக்காதீர்கள், வெயில் ஏறட்டும். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் கூடத்திலேயே தேய்த்து, பாதத்தைத் துடைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள், வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு கதை.

இன்னொன்று, கூச்சம். சில நேரம் நீங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது, யாரோ ஒருத்தி சேலையை அவிழ்க்கிறாள், அடிக்காமல் என்ன செய்வார்? ஆற்றில் குளிப்பதுபோலப் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டி, அதன் மேலேயே தண்ணீர் ஊற்றுங்கள். பழகிய உடம்பு, பலர் இதிலேயே அடங்கிவிடுகிறார்கள்.

இந்த முரண்டு இரண்டு மூன்று நாளில் திடீரென வந்ததென்றால், அல்லது ஆளே ஒரேயடியாகக் குழம்பியோ தூங்கி வழிந்தோ இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து உட்காராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி என எதுவாகவும் இருக்கலாம், அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்வாருங்கள், சோறு ஊட்ட அவருக்கும் தெரியும்.