மெல்பர்ன் கப்: 24 குதிரையில் 5 போதுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நவம்பரில் நடக்கும் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு ஐந்து குதிரைகளை 'பாக்ஸ்' போட்டு (அவற்றில் மூன்று எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று) முதல் மூன்று இடத்துக்குக் கட்டச் சொல்கிறார் ஓர் ஏஜென்ட். குதிரைகளை அவரே தருவாராம், அந்த டிப்ஸுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஒன்று போன ரேஸில் ஏழாவதாக வந்தது. கேட்டால் ஓட்டம் சரியாக அமையவில்லை என்கிறார். நம்பலாமா? – செந்தூல் வாசகர்

பதில்: ஐயா, முதலில் அந்த 300 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

ஐந்து குதிரையை பாக்ஸ் போட்டால் 60 சேர்க்கை. ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்றாலும் 60 வெள்ளி ஆகிறது. 10 குதிரை ஓடும் ரேஸில் முதல் மூன்று இடம் 720 விதமாக அமையலாம். எல்லாம் சம பலம் என்று வைத்துக்கொண்டால் 12-ல் ஒரு வாய்ப்பு. மெல்பர்ன் கப்பில் 24 ஓடினால் 12,144 விதம். அதே 60 வெள்ளிக்கு வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் ஒன்றுதான். பரிசு பெரிது என்பார். பெரிதுதான், ஆனால் அது கைக்கு வரும்வரை எத்தனை நவம்பர் கட்டுவீர்கள்? பிளேஸ் (ஒரு குதிரை முதல் சில இடத்துக்குள் வந்தால் போதும் என்று) கட்டினாலும் இதே கதை. ஆஸ்திரேலிய டோட்டில் (கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறையில்) 8 ஓடினாலும் 3 இடத்துக்குத்தான் பணம், 24 ஓடினாலும் 3 இடத்துக்குத்தான்.

டிப்ஸ்காரர் பிழைப்பதே இத்தனை குதிரைக் கூட்டத்தில்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீக்கடையில் மூன்று பேர் தங்கள் போனை மேசையில் வரிசையாக வைத்தோம். டிப்ஸ் அனுப்பியவர் ஒரே ஆள், ஒரே ரேஸ், மூன்று போனிலும் மூன்று வேறு குதிரை! 24 பேருக்கு 24 குதிரை அனுப்பினால் ஒருவர் ஜெயித்தே தீருவார். அடுத்த வாரம் அவரே ஊரெல்லாம் விளம்பரம் செய்வார். அதோடு, ஏஜென்ட் மூலம் புக்கியிடம் (தனியாகப் பந்தயப் பணம் வாங்குபவரிடம்) கட்டுவது மலேசியாவின் 1953 பந்தயச் சட்டப்படி குற்றம். ஜெயித்த பணம் வரவில்லை என்றால் எந்த போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்வீர்கள்?

சரி, ஏழாவது குதிரைக்கு வருவோம். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். மெல்பர்ன் கப் நடக்கும் ஃப்ளெமிங்டன் மைதானத்தில் 3200 மீட்டர் ஓடும்போது ஒரு முழுச் சுற்று வரும். உள்பக்க வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே சுற்றினால் 6 மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். உள்ளே இரண்டு குதிரை இருக்க மூன்றாவதாக வெளியே ஓடினால் சுமார் 12 மீட்டர், அதாவது ஐந்து குதிரை நீளம். சின்ன ஃபீல்டில் (குதிரை குறைவான ரேஸில்) ஜாக்கி உள்ளே நழுவ இடம் கிடைக்கும். 24-ல் வெளியே மாட்டினால் பெரும்பாலும் கடைசிவரை வெளியேதான். இங்கே கிடைக்கும் ரேஸ் கார்டில் (பந்தயக் குறிப்புத்தாளில்), குதிரை எத்தனையாவது வெளியே ஓடியது என்று ஒரு எண் போடுங்கள் என்று பல வருஷமாகக் கேட்கிறேன். பக்கம் நிறைய விளம்பரம் போட இடம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

வெளிக் கேட் (வேலியிலிருந்து தள்ளிப் புறப்படும் இடம்) என்றாலே கெட்ட ஓட்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் 2022 கென்டக்கி டெர்பியில் ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரைக்கு முந்தின நாள் ஒரு குதிரை விலகியதால்தான் இடமே கிடைத்தது. 20 குதிரையில் 20-ஆம் கேட், விலை 80-க்கு 1 (ஒன்று கட்டினால் 80 லாபம்). முன்னால் போனவை முதல் கால் மைலை 21.78 விநாடியில் பறந்து களைத்துப்போயின. ஜாக்கி சோனி லியோன் பின்னால் காத்திருந்து உள்பக்கம் இறங்கினார். நேர்பாதையில் களைத்து நின்ற ஒரு குதிரையைச் சுற்றிக்கொண்டு மறுபடி வேலியோரம் பிடித்து ஜெயித்தார். கேட் எண்ணை மட்டும் பார்த்து அந்தக் குதிரையைத் தள்ளியவர்கள் ஏராளம்.

அதனால் உங்கள் குதிரையின் போன ரேஸ் வீடியோவைத் தேடி எடுங்கள். ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பத்தில் நிறுத்தி, உள்பக்கம் எத்தனை குதிரை என்று எண்ணுங்கள். திருப்பம் முழுக்க இரண்டுக்கு வெளியே ஓடியும் மூன்று நீளத்தில்தான் தோற்றது என்றால், அந்த ஏழாம் இடத்தை மன்னிக்கலாம். வேலியோரம் சுகமாக ஓடி ஏழாவது வந்திருந்தால், ஏஜென்ட் சொன்னது கதை.