குட்டியின் கடி வேறு, வளர்ந்த நாயின் கடி வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு வயது நாய் ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பு நாய்க்குட்டி ஒன்றையும் வாங்கி வந்தோம். அதற்கு இப்போது மூன்று மாதம். கை, கால், உடுப்பு என்று கண்டதையெல்லாம் குட்டி கடிக்கிறது. அதட்டினால் இன்னும் வேகமாகப் பாய்கிறது. இதுவரை யாரையும் கடித்திராத பெரிய நாயோ, சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனபோது ஒரு முறையும், சோபாவிலிருந்து தூக்கி இறக்கியபோது ஒரு முறையும் கடித்துவிட்டது. இரண்டையும் எப்படித் திருத்துவது?

பதில்: இரண்டையும் ஒரே வழியில் திருத்த முடியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குட்டி வாயைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய நாயோ தன்னால் பொறுக்க முடியாத ஏதோ ஒன்றைக் கடித்துத் தெரிவிக்கிறது. முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்கு முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

குட்டிக்கு இப்போது இருப்பவை 28 பால் பற்கள். நான்காவது மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏறக்குறைய ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு குறுகுறுப்பதால் எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரிலிருப்பவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான் முதலில் அறிகின்றன: பலமாகக் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விலகிப் போகும், விளையாட்டு அத்தோடு நின்றுவிடும். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கு இந்தப் பாடம் பெரும்பாலும் பாதியில் நின்றிருக்கும்.

அந்தப் பாடத்தை இனி நீங்கள் தொடர வேண்டும். பல் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு என்பதால், இழுக்கப்படும் கை அதற்கு இன்னும் சுவாரசியமான விளையாட்டுப் பொருளாகிவிடும். கையை அசைக்காமல் தளர விட்டு, பிடி விலகியதும் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், தடுப்புக்கு அப்பால் பதினைந்து இருபது விநாடிகள் நின்றுவிட்டுத் திரும்புங்கள். திரும்பியதும் கையை நீட்டாமல் கயிற்றுப் பொம்மையை நீட்டுங்கள். அதைக் கவ்வியதும் பாராட்டுங்கள். வலித்ததுபோல் கத்திக் காட்டும் முறை சில குட்டிகளிடம் பலிக்கும். அதட்டினால் பாய்வதாக நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் குட்டிக்கு அது உற்சாகத்தைத்தான் ஊட்டும் என்று நினைக்கிறேன். வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் தட்டுவது, மல்லாத்தி அழுத்துவது ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள்; அவற்றால் குட்டி கற்பது, மனிதக் கை வந்தால் அஞ்ச வேண்டும் என்பதை மட்டுமே.

வீட்டில் ஒருவர் விலகிச் செல்ல, இன்னொருவர் கையைக் கடிக்கக் கொடுத்து விளையாடினால் பயிற்சி பலிக்காது. தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதுக் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூங்க வேண்டும். மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கும் குட்டிகளில் பல, உண்மையில் தூங்க வேண்டிய நேரத்தைத் தாண்டியவை. ஈறு குறுகுறுப்புக்கு, நனைத்து முறுக்கி உறைய வைத்த துணியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கொடுக்கலாம்.

இனி, எனக்கு அதிகக் கவலை தரும் பெரிய நாய்க்கு வருகிறேன். எட்டு ஆண்டுகள் கடிக்காத நாய் திடீரென்று கடித்தால், முதலில் அழைத்துச் செல்ல வேண்டியது கால்நடை மருத்துவரிடம்தான். தூக்கும்போது கடித்தது என்பது இடுப்பு, முதுகு, மூட்டு வலியைச் சந்தேகிக்க வைக்கிறது. தூங்கி எழுந்ததும் சில அடிகள் விறைப்பாக நடக்கிறதா, படியேறத் தயங்குகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிறதா என்று கவனித்து, அதன் நடையைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டலைக்கூட மறைத்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கடுமையாகப் பாதிக்கும்.

இரண்டு கடிகளும் குட்டி வந்த பிறகு நிகழ்ந்தவை என்பதும் தற்செயலாக இருக்காது. நாள் முழுவதும் வாலையும் காதையும் கடித்துத் தொங்கும் ஒரு குட்டியைச் சகித்த நாய்க்கு, உங்கள் கையைச் சகிக்கப் பொறுமை மிஞ்சாது. குட்டி நுழைய முடியாத ஓர் இடத்தை அதற்கு ஒதுக்கி, இரண்டுக்கும் தனித்தனி அறையில் உணவு வையுங்கள். சோபாவிலிருந்து தூக்கி இறக்குவதற்குப் பதிலாக, தரையில் ஒரு தின்பண்டத்தைப் போட்டுத் தானே இறங்கச் செய்யுங்கள்.

சாப்பிடும்போது தட்டை எடுத்துப் பழக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, பறிகொடுக்கும் அச்சத்தை வளர்க்கவே உதவுகிறது. பதிலாக, நாய் இயல்பாக வாலைத் தளர்த்தித் தின்னும் தொலைவில் நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு நடந்துவிடுங்கள். பல நாட்கள் கழித்து ஓரடி நெருங்கலாம். மெல்லுவதை நிறுத்தி, தலையைத் தட்டின் மேல் தாழ்த்தி, உடல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்தால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். உறுமினால் கண்டிக்காதீர்கள். உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் விடும், கடிப்பதை விடாது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

வலி காரணமல்ல என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகும் கடி தொடர்ந்தால், அடிக்காமல் பயிற்றுவிக்கும் ஒருவரின் நேரடி உதவியை நாடுங்கள். அதுவரை குழந்தைகளை அந்த நாயோடு தனியே விடாதீர்கள். பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கடிகளில் ஏதேனும் ஒன்று தோலைக் கிழித்திருந்து இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.