ஒரே ஒரு திருத்தம்தான் என்றால் நம்பலாமா?

இந்த இதழுக்கு, அச்சுக்குப் போகிற பிடிஎஃப் சம்பந்தமாக வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: 64 பக்க ஆண்டு மலர் ஒன்றுக்கு மெய்ப்பு பார்ப்பது என் பொறுப்பு. ஐந்தாவது முறையாகத் திருத்தி அனுப்பிய வடிவமைப்பாளர், “ஒரே ஒரு திருத்தம்தான், வேறெதையும் தொடவில்லை” என்கிறார். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது. மென்பொருளே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காதா?

பதில்: காட்டிக்கொடுக்கும். அடோபி அக்ரோபேட் புரோவில் ‘கம்பேர் ஃபைல்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற ரீடரில் அது இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய ஃபைல் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று கொடுத்தால் எது சேர்ந்தது, எது போனது, எது மாறியது என்று நிறம் போட்டு, எண்ணிக்கையோடு ஓர் அறிக்கை தரும். ஒப்பிடுவதற்கு முன்னால் செட்டிங்ஸைத் திறந்து, உங்களுடையது பத்திரிகைப் பக்கமா, வரைபடமா, ஸ்கேன் செய்ததா என்று சொல்லிவிடுங்கள். எழுத்தை மட்டும் ஒப்பிடச் சொல்லவும் அங்கேயே இடம் இருக்கிறது.

அக்ரோபேட் புரோ இல்லையா, கவலை வேண்டாம். அருகருகே வைத்துப் பார்ப்பதை முதலில் விடுங்கள். இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குக் கண் நகர்கிற நேரத்தில் மனது பாதியை மறந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக இரண்டு ஃபைலையும் ஒரே வியூவரில் இரண்டு டேபாகத் திறந்து, இரண்டிலும் ஒரே பக்கத்தை, ஒரே அளவில், முழுப் பக்கமும் திரையில் அடங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு, கண்ட்ரோலும் டேபும் சேர்த்து அழுத்தி மாற்றி மாற்றிப் பாருங்கள். மாறாதது எல்லாம் அசையாமல் நிற்கும், மாறியது துள்ளும். ஒரு தலைப்பு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். 1930இல் புளூட்டோ சிக்கியதே இந்த வித்தையில்தான். லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டாம்போ, வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தட்டுகளை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார், அசையாத நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியது.

துள்ளலில் படம், கட்டம், வரி நகர்ந்தது எல்லாம் மாட்டும். ஓர் எழுத்தின் மேல் புள்ளி விழாமல் போனது மாட்டும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு எழுத்து ஒப்பீடுதான் வேண்டும்.

கேள்வி: ஒப்பிட்டுப் பார்த்தேன், ‘வித்தியாசம் எதுவும் இல்லை’ என்றது. நிம்மதியாக அச்சுக்கு அனுப்பினேன். வந்த பிரதியில் கடைசிப் பக்கத்துத் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு! மென்பொருளை எப்படி நம்புவது?

பதில்: உங்களுக்கு வந்தது கர்வ் செய்த பிடிஎஃப் என்று நினைக்கிறேன். அச்சகத்தில் ஃபான்ட் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், பல வடிவமைப்பாளர்கள் கடைசியில் எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எழுத்து என்று ஒன்றே கிடையாது, எழுத்து மாதிரி இருக்கிற ஓவியம்தான் இருக்கிறது. எழுத்தை மட்டும் ஒப்பிடச் சொன்னால், ஒப்பிட எதுவுமே இல்லாத இரண்டு பக்கங்களைப் பார்த்து ‘ஒன்றுதான்’ என்று அது சொல்லும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: சுட்டியால் ஒரு வரியை இழுத்துத் தேர்ந்தெடுக்க முயலுங்கள், முடியவில்லை என்றால் கர்வ் அல்லது ஸ்கேன்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஓர் அழைப்பிதழில் மணி 6.00 என்பது 5.00 ஆகியிருந்தது, ஒப்பீட்டு அறிக்கையில் பூஜ்யம் மாற்றம் என்று வந்ததைப் பெருமையாக வேறு எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து நான் செய்வது இது. வடிவமைப்பாளரிடம் இரண்டு பிடிஎஃப் கேட்பேன், ஒன்று கர்வ் செய்வதற்கு முன், ஒன்று செய்த பின். முன்னால் உள்ளதை, போன முறை ஒப்புதல் கொடுத்த ஃபைலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவேன். அது சரியாக இருந்தால், இப்போது அதே புதிய ஃபைலின் கர்வுக்கு முந்தைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் படமாக ஒப்பிடுவேன். கர்வ் செய்த எழுத்து திரையில் கொஞ்சம் தடித்துத் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓர் எழுத்து இருந்த இடத்தில் கட்டம் இருக்கிறதா, கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்களையும் தேதிகளையும் மட்டும் எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்காதீர்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்கிற பழைய வழிதான்.

கேள்வி: எனக்கு நேர்மாறான தொல்லை. ஒரு சொல் மாற்றியதற்கு, ஒப்பீட்டில் பக்கம் முழுக்க வண்ணம் பூசிக் காட்டுகிறது. தமிழ் என்பதாலா?

பதில்: பாதி தமிழ் என்பதால்தான். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாகத் தெரிகிறது. யூனிகோடில் சேமிக்கும்போது முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி. பிடிஎஃபுக்குள் இருப்பதோ பக்கத்தில் வரையப்பட்ட துண்டுகளின் வரிசை. அந்தத் துண்டுகளிலிருந்து எழுத்தைத் திரும்பக் கட்டி எடுக்கிற தகவல் ஒரு ஃபைலில் ஒழுங்காக இருந்து மற்றதில் இல்லாவிட்டால், ஒன்றில் ‘கொடு’ என்று வருவது இன்னொன்றில் கொம்பு முன்னால் தனியே நிற்கிற குப்பையாக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு இரண்டும் வேறு. வேறு மென்பொருளில் ஏற்றுமதி செய்தாலே, சில சமயம் பதிப்பு மாறினாலே இப்படி ஆகும்.

யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபான்ட்களில் இன்னும் வேடிக்கை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை அவை. இரண்டு ஃபைலும் அதே ஃபான்ட் என்றால் குப்பையைக் குப்பையோடு ஒப்பிட்டுச் சரியான விடையே சொல்லிவிடும். நடுவில் வடிவமைப்பாளர் யூனிகோட் ஃபான்டுக்கு மாறினார் என்றால் ஒரு சொல் விடாமல் மாறியதாகத்தான் காட்டும். அப்போது எழுத்து ஒப்பீட்டை மூடிவிட்டுப் படமாக ஒப்பிடுங்கள், ஆனால் ஃபான்ட் மாறினால் வடிவமும் மாறும் என்பதால் அதிலும் பக்கம் முழுக்கச் சிவக்கும். உண்மையைச் சொன்னால், ஃபான்ட் மாற்றிய பதிப்பை முதல் மெய்ப்பு மாதிரி உட்கார்ந்து முழுசாகப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பாதிக்கு வருகிறேன். பக்க அளவைப் பாருங்கள். ஏ4 பக்கம் 210க்கு 297 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது அச்சான பிறகு வெட்டி எறிகிற ஓரம், விட்டு ஏற்றுமதி செய்தால் அது 216க்கு 303. வெட்டுக்குறிகளும் சேர்ந்தால் இன்னும் பெரிதாகும். ஒன்று ப்ளீடோடும் ஒன்று இல்லாமலும் வந்திருந்தால் மொத்தப் பக்கமும் 3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும், படமாக ஒப்பிட்டால் எல்லாமே வித்தியாசம்தான். இரண்டையும் ஒரே செட்டிங்கில் ஏற்றுமதி செய்து வாங்குங்கள். ஃபைலில் ஒட்டியிருக்கிற கமென்ட்களையும் மறைத்துவிட்டு ஒப்பிடுங்கள், போன முறை நீங்களே ஒட்டிய மஞ்சள் குறிப்பை மாற்றம் என்று எண்ணிக்கையில் சேர்த்துவிடப் போகிறது.

கேள்வி: காசு கொடுக்காமல் படமாக ஒப்பிட என்ன வழி?

பதில்: டிஃப்-பிடிஎஃப் என்று ஒரு திறமூல நிரல் இருக்கிறது. கட்டளை வரியில் ஓட்ட வேண்டும், அதற்குப் பயந்தால் ஒன்றும் செய்ய முடியாது, பழகினால் அரை நிமிட வேலை. இரண்டு பிடிஎஃபையும் பக்கம் பக்கமாக ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மாறிய இடத்தை நிறம் மாற்றிக் காட்டும் மூன்றாவது பிடிஎஃப் ஒன்றைத் தரும்.

ஒன்றிரண்டு பக்கம்தான் என்றால் கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருள் போதும். பழைய பக்கத்தைத் திறந்து, அதன் மேல் புதிய பக்கத்தை லேயராகத் திறந்து, மேல் லேயரின் மோடை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். ஒன்றாக இருக்கிற இடம் எல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், மாறியது மட்டும் இருட்டில் பல்ப் மாதிரி எரியும். ஃபோட்டோஷாப்பிலும் இதே கதைதான். இரண்டையும் திறக்கும்போது ஒரே ரெசல்யூஷனைக் கொடுக்க வேண்டும், அங்குலத்துக்கு 150 அல்லது 200 புள்ளி போதும். புகைப்படங்களின் மேல் மெல்லிய தூசி மாதிரி தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை, பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கரேல் என்று தெரிகிற இடம் நிஜமாகவே கறுப்புதானா என்று, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற லெவல்ஸை ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள், ஒரு பின்னணி நிறம் லேசாக மாறியிருந்தால் அப்போதுதான் தலைகாட்டும்.

நடுவில் ஒரு வரி சேர்ந்து, கீழே உள்ள பத்தியெல்லாம் இறங்கியிருந்தால் இந்த வழி உதவாது. அந்தப் பக்கங்களுக்கு எழுத்து ஒப்பீடுதான்.

கேள்வி: பழைய பதிப்பில் அட்டையில் வெள்ளை எழுத்து சரியாக அச்சானது. புதிய பதிப்பில் திரையில் அப்படியே இருக்கிறது, அச்சில் எழுத்தையே காணோம். அச்சகத்தைக் கேட்டால் “உங்கள் ஃபைல்தான்” என்கிறார்கள்.

பதில்: அச்சகம் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பழைய பதிப்புக்குப் பிறகு இடையில் அந்த எழுத்து கறுப்பாக்கப்பட்டு, ஓவர்பிரிண்ட் என்ற குறி அதில் போடப்பட்டிருக்கும். ஓவர்பிரிண்ட் என்றால் கீழே உள்ள நிறத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அச்சிடு என்று பொருள். கறுப்புக்கு அது நல்லது. பிறகு யாரோ எழுத்தை மறுபடி வெள்ளையாக மாற்றியிருப்பார்கள், குறி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வெள்ளை என்பது மையே இல்லாத இடம். இல்லாத மையைப் பின்னணியின் மேல் அச்சிட்டால் பின்னணிதானே மிஞ்சும்?

ஓவர்பிரிண்டைக் கணக்கில் எடுக்காத வியூவரில் இரண்டு பதிப்பும் ஒன்றாகவே தெரியும், மாற்றி மாற்றிப் பார்த்தாலும் துள்ளாது. ரீடரிலேயே பிரிஃபரன்ஸில் பேஜ் டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் ‘ஓவர்பிரிண்ட் பிரிவியூ’ என்று ஒன்று இருக்கும், அதை ‘ஆல்வேஸ்’ என்று வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். பிரவுசரில் திறந்து பார்த்து அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

அக்ரோபேட் புரோவில் ‘அவுட்புட் பிரிவியூ’ இன்னும் உபயோகமானது. சுட்டியை ஓர் இடத்தில் வைத்தால் அங்கே சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் எத்தனை சதவீதம் என்று காட்டும். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிவது பழைய ஃபைலில் மெஜந்தா 70, புதியதில் 80 என்று இருக்கலாம். அதிலேயே இன்னொரு வேலை: கறுப்பு பிளேட்டை, அதாவது கறுப்பு மைக்கான அச்சுத்தகட்டை, மட்டும் அணைத்துவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். உரை எழுத்தெல்லாம் மறைந்து தாள் வெறுமையாக வேண்டும். மறையாமல் பழுப்பாக ஆவி மாதிரி எழுத்து நின்றால், அது நாலு மையும் சேர்ந்த கறுப்பு, வேர்டிலிருந்தோ, திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியிலிருந்தோ வந்தது. சின்ன எழுத்து நாலு பிளேட்டில் அச்சானால் ஒரு பிளேட் துளி நகர்ந்தாலும் ஓரம் கலங்கிவிடும். பழைய பதிப்பில் மறைந்தது புதியதில் மறையவில்லை என்றால் ‘ஒரே ஒரு திருத்தம்’ எப்படிச் செய்யப்பட்டது என்று வடிவமைப்பாளரைக் கேட்கலாம், வெளியிலிருந்து ஒட்டிய பத்தியாக இருக்கும்.

கேள்வி: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று மூன்று ஃபைல் இருக்கிறது. எது கடைசி?

பதில்: அக்ரோபேட்டில் கண்ட்ரோலும் டி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஃபைலின் விவரம் திறக்கும். உருவான நேரம், திருத்திய நேரம், எந்த மென்பொருளில் செய்தது எல்லாம் அங்கே இருக்கும், கணினியின் ஃபோல்டரில் தெரிகிற தேதியை விட இதை நம்பலாம். நகல் எடுத்தாலும் மெயிலில் இறக்கினாலும் ஃபோல்டர் தேதி மாறிவிடக்கூடும். யாராவது அந்த ஃபைலைத் திறந்து கமென்ட் போட்டுச் சேமித்திருந்தால் திருத்திய நேரமும் மாறும், அதனால் உருவான நேரத்தையே முதலில் பாருங்கள். பக்கத்திலேயே ஃபான்ட்ஸ் பகுதியையும் எட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஃபான்டுக்கும் எதிரே ‘எம்பெடட்’ என்று, அதாவது ஃபைலுக்குள்ளேயே அந்த ஃபான்ட் இருக்கிறது என்று, இருக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் இல்லை என்றால் அந்தப் பதிப்பை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.

இனிமேல் பெயரில் ‘ஃபைனல்’ என்று போடுவதற்குப் பதிலாக 01, 02 என்று எண்ணைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த ஃபைலை வேறு ஃபோல்டரில் பூட்டிவைத்துக்கொள்ளுங்கள், அடுத்து எது வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும், இடையில் வந்த நாலாவது பதிப்போடு அல்ல.