அத்தை சேலையிலேயே மலை ஏறட்டும்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. காலாண்டு லீவில் குடும்பத்தோடு காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம் என்று ஆசைப்படுகிறோம். முதலில் பூண்டிப் பக்கம் குடியம் குகை. அது நல்லபடியாக முடிந்தால் டிசம்பரில் ஏலகிரி. கணவர் வீடியோக்களைப் பார்த்து ட்ரெக்கிங் பேன்ட், ஜாக்கெட், ஷூ என்று ஐந்து பேருக்கும் எழுதிய பட்டியல் 30,000 ரூபாயைத் தாண்டுகிறது. 61 வயதாகும் என் அத்தையோ, "சேலையிலதான் வருவேன், காலுக்குச் செருப்பு போதும்" என்கிறார். மகள் ஜீன்ஸ்தான் போடுவாளாம். உண்மையில் என்னதான் போட்டுக்கொண்டு போக வேண்டும்?
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தோழி, அந்தப் பட்டியலில் ஷூவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இப்போதைக்கு அடித்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய துணியில் முக்கால்வாசி வீட்டு பீரோவிலேயே இருக்கும். இல்லாததை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மாலை நேரத்தில் வாங்கிவிடலாம்.

உங்கள் கணவர் பார்த்த வீடியோக்களில் பாதி குளிர் நாட்டு மலைகளில் எடுத்தவையாக இருக்கும். அங்கே பருத்தியைத் தொடாதே என்பார்கள். நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் குளிரில் அது ஆபத்துதான். செப்டம்பர் கடைசியில் திருவள்ளூர் மாவட்டத்துப் புதர்க்காட்டில் உங்களுக்கு எதிரி வெயில். அங்கே வியர்வையில் நனைந்த தொளதொள பருத்திச் சட்டை மெதுவாகக் காய்வதே உடம்பைக் குளிர வைக்கும். எனவே குடியத்துக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, உடம்பைப் பிடிக்காத முழு பேன்ட், தலைக்குத் தொப்பி, கழுத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டை அவ்வப்போது நனைத்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி ஷூ. குடியம் பாதையில் கற்பாறைகளை விட கூழாங்கற்கள்தான் காலுக்குச் சோதனை. அங்கே மலையே உருண்டைக் கற்கள் ஒட்டி இறுகியதுதான். அவை உதிர்ந்து வழியெல்லாம் கிடக்கும், காலை வைத்தால் புரளும். அதே கற்களை உடைத்துத்தான் ஆதிமனிதர்கள் கோடரி செய்தார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அடுத்து இந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்குத்தான் வந்தார். போகும் வழியில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், கல்லைப் பார்த்து நடப்பார்கள்.

அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் உள்ள ஷூவாக இருந்தால் போதும். தேயாத ரன்னிங் ஷூ வீட்டில் இருந்தால் குடியத்துக்கு அதுவே சரி. புதிதாக வாங்குவதென்றால் சாயங்காலமாகப் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். காட்டில் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, கால் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே படிக்கட்டில் இறங்கிப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஏறும்போது ஷூவின் குறை தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு முதல்முறை போனபோது, முந்தின நாள் வாங்கிய ஷூவோடு போனேன். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பாதி வழியிலேயே விரல்கள் முன்பக்கம் இடிக்க ஆரம்பித்தன. திரும்பி ஏறி வந்து ஷூவைக் கழற்றியபோது இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தன. அவை விழுந்து புதிது முளைக்க மாதக்கணக்கானது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். புது ஷூவை இரண்டு வாரமாவது மார்க்கெட்டுக்கும் மாடிப்படிக்கும் போட்டுப் பழக்குங்கள். ஒரு ஞாயிறு காலை பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி, பரங்கிமலைப் படிகளை ஐந்து பேரும் ஏறி இறங்கிப் பாருங்கள். யாருக்கு எங்கே கடிக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் கால் நகத்தை நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

சட்டைக்கு நல்லதான பருத்தி சாக்ஸுக்கு ஆகாது. ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம் வரும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கென்று விற்கும் நைலான் கலந்த சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்குங்கள், பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். எங்காவது சுரீரென்றால் அந்த நிமிடமே நின்று, மருந்துக்கடையில் விற்கும் மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. மகன் பொறுத்துக்கொண்டு நடப்பான், நீங்கள்தான் கேட்க வேண்டும். அவனுக்குப் பள்ளியின் வெள்ளை கேன்வாஸ் ஷூ வேண்டாம், அடி தட்டையாக இருப்பதால் ஈரப் பாறையில் வழுக்கும். அதற்காக விலை கூடியதையும் வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் அவன் கால் வளர்ந்துவிடும்.

அத்தையின் சேலையைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் கூடையோடு அவ்வளவு வேகமாக நடக்கும் பெண்களுக்கு யாரும் பேன்ட் போடச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சேலையில் இரண்டு இடத்தில்தான் சிக்கல். ஏறும்போது முன் கொசுவம் காலடியில் மாட்டும், இறங்கும்போது கால் வைக்கும் இடத்தை அது மறைக்கும். எனவே நூல் சேலை, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே கட்டு, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகல். உள்ளே பாவாடைக்குப் பதில் ஒரு தொளதொள பைஜாமா. முள்ளுக்கும் பூச்சிக்கும் அது பாதுகாப்பு, சேலையைத் தைரியமாக ஏற்றிக் கட்டவும் செய்யலாம். சிந்தெடிக் சேலை மட்டும் வேண்டாம், வழுக்கி அவிழும், புழுங்கும்.

செருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹவாய் செருப்பு கூழாங்கல்லில் புரண்டால் கணுக்கால் போய்விடும். ஷூ பிடிக்காவிட்டால் குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ள சாண்டல், உள்ளே சாக்ஸ். "உங்களுக்காக இல்லை அத்தை, உங்களைத் தூக்கிக்கொண்டு வர முடியாத உங்க பிள்ளைக்காக" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மகளின் ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். வியர்வையில் நனைந்தால் கனக்கும், முட்டி மடங்காது, தொடையில் உரசித் தோலைப் புண்ணாக்கும். ட்ராக் பேன்ட் போதும். தொடை உரசும் இடத்தில் கிளம்பும் முன் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அவளுக்கு 12 வயது என்பதால் இன்னொன்று. அவள் பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று பேன்ட், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கவர் வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று தனியாகக் காட்டிவிடுங்கள். அந்தப் பயம் இல்லாவிட்டால் அவள் நன்றாக நடப்பாள்.

எல்லோருக்கும் வெளிர் நிறம்தான் நல்லது. உண்ணி ஏறினால் கண்ணில் படும். பாறைக் குகைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். கறுப்பு உடையும் சென்ட் வாசனையும் தேனீக்களைச் சீண்டும். எனவே அன்று சென்ட் வேண்டாம், குகைக்குள் கூச்சலும் வேண்டாம்.

அனுமதி வாங்காமல் போகாதீர்கள். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று, வழிகாட்டி கூடவே வருவார்.

ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு ஏறினால் கீழே இருப்பதை விடச் சில டிகிரியாவது குறையும். டிசம்பர் காலையில் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், அத்தைக்குக் குல்லா, மழைக்கு வண்டியில் போடும் ரெயின்கோட். நடக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நின்றதும் போட வேண்டும். போட்டுக்கொண்டே ஏறினால் உள்ளே நனைந்து, பிறகு நடுங்குவார்கள். ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்தால் நைலான் ஜாக்கெட்டோடு பக்கத்தில் போகக் கூடாது. பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும்.

குடியத்தில் பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் நேராக உட்காராமல் விரிப்பு போடுங்கள். நம் பக்கத்துப் புதர்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து உண்ணிக் காய்ச்சல் வரும், மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் அதிகம். வீட்டுக்கு வந்ததும் அத்தனை துணியையும் நேராக ஊறப்போட்டு, எல்லோரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று அடுத்த சில நாட்கள் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய், முதல் வார்த்தையாகவே "காட்டுக்குப் போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் அது எளிதில் குணமாகும்.