அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் கம்ப்யூட்டரை மாட்டினேன், உறுமுகிறது!

கேள்வி: அப்பா 1990-களில் அசெம்பிள் செய்து வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் பரணில் கிடந்தன. தூசி தட்டி எடுத்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ஃபோனோ, டேப், ஆக்ஸ் என்று மூன்று ஜோடி ஓட்டைகள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் முன்பக்க ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் எடுத்து ஃபோனோவில் மாட்டினேன். பாட்டு கரகரவென்று, பானைக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் வருகிறது. பாட்டை நிறுத்தினாலும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் நிற்கவில்லை. மவுஸை நகர்த்தினால் மெல்லியதாக ‘கிர்ர்’ என்கிறது. இரண்டாயிரம் ரூபாய் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். பெட்டிகளில் 8 ஓம், 40 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது. இப்படி மாட்டுவதால் கம்ப்யூட்டருக்கு ஆபத்து உண்டா?

வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டாயிரம் ரூபாயைப் பையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றுமே ஒரே ஒயர் வழியாகக் கேட்பதால் ஒயர்மேல் பழி விழுந்திருக்கிறது.

முதலில் பானைக்குள் பாடும் பாட்டு. ஃபோனோ என்பது பழைய இசைத்தட்டு பிளேயருக்கான வாசல். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் சிக்னல் வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதைத் தூக்கிவிட உள்ளே தனியாக ஒரு சர்க்யூட் இருக்கும். அது தூக்குவதோடு நிற்காது. தட்டில் பதியும்போது பேஸ் என்னும் அடி ஒலிகளைக் குறைத்து, கீச்சு ஒலிகளைக் கூட்டிப் பதிவார்கள். அதைச் சரிக்கட்ட இந்த சர்க்யூட் பேஸைக் கூட்டிக் கீச்சைக் குறைக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அனுப்புவதோ ஒரு வோல்ட் அளவுக்கு. நூறு மடங்குக்கும் மேல். கரகரப்பும் பானைச் சத்தமும் வேறெங்கிருந்தும் வரவில்லை. பின்னை எடுத்து ஆக்ஸில் மாட்டுங்கள். ஆக்ஸ் வேலை செய்யாவிட்டால் டேப் இன். தெளிந்துவிடும். மைக் என்று எழுதிய ஓட்டை இருந்தால் அதற்கும் இதே கதைதான், போகாதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கம், முன்பக்க ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்கம் வாருங்கள். அங்கே வரிசையாக வண்ண ஓட்டைகள் இருக்கும். பச்சைதான் வெளியே போகும் ஒலி. ரோஸ் மைக்குக்கு, நீலம் உள்ளே வரும் ஒலிக்கு. முன்பக்க ஓட்டைக்கு வரும் மெல்லிய ஒயர் கேபினெட்டுக்குள் மின்விசிறி, ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது. மவுஸ் ‘கிர்ர்’ரில் பாதி அங்கே சேர்ந்ததாக இருக்கலாம். கேபிள் என்ன வாங்குவது? ஒரு முனையில் 3.5 எம்.எம். ஸ்டீரியோ பின், மறு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. பின். கையில் பிடித்தால் கொஞ்சம் கனமாக, உள்ளே செம்பு வலை சுற்றியதாக இருந்தால் போதும். இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு ஆபத்து இல்லை. ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் வாசல் கம்ப்யூட்டரிலிருந்து கரண்ட் எதையும் பெரிதாக உறிஞ்சாது. ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள்: ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஒயர் எடுத்து, ரெக்கார்ட் செய்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரின் நீல ஓட்டையில் மாட்டுவது. மதர்போர்டின் சவுண்ட் பகுதி போய்விடும்.

சரி, உறுமலுக்கு வருவோம். கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இதுதான். கேபிள் வியாபாரமும் இதை நம்பித்தான் நடக்கிறது.

ஒயரின் நடுவில் ஓடும் கம்பியில் பாட்டு வருகிறது. சுற்றியுள்ள வலை கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. வலை எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் அதற்குப் பூஜ்யம். இப்போது கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரிலும் மூன்று பின் பிளக்கில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் உடம்பும் வீட்டு எர்த் வழியாக ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நீங்கள் ஆடியோ ஒயரை மாட்டியதும் இன்னொரு வழியாகவும் சேர்கிறது. ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது. இரண்டு பிளக்குகளின் எர்த்துக்கும் இடையே இருக்கும் சிறு வித்தியாசம் இந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டுகிறது. அது ஓடும் வழி உங்கள் ஒயரின் வலை. வலையில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் எழும்பினால் போதும், ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். மவுஸ் நகரும்போது கம்ப்யூட்டருக்குள் எழும் சலசலப்பும் இதே வழியில்தான் ஏறி வருகிறது. தங்க முலாம் பூசிய பின் இந்தக் கரண்டை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு பின்னா, மூன்று பின்னா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கால அசெம்பிள் செட்டுகளில் இரண்டு பின்தான் அதிகம். அப்படியானால் வளையம் இல்லையே, ஏன் உறுமுகிறது? நம் வீடுகளில் நிறையப் பிளக் பாயின்ட்டுகளில் எர்த் ஓட்டை பேருக்குத்தான் இருக்கும், பின்னால் ஒயர் வந்திருக்காது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு ஆளுக்கொரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் இவை சேர்ந்து கேபினெட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க விட்டுவிடும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் இரும்பைப் புறங்கையால் வருடினால் சுணை பட்டதுபோல் நமநமக்கும். அந்தக் கசிவுக்கு இப்போது உங்கள் ஆடியோ ஒயர் ஒரு புதுப் பாதை.

எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர்கூட வேண்டாம். முதலில் ஆக்ஸிலிருந்து இரண்டு பின்களையும் உருவிவிடுங்கள். அப்போதும் உறுமினால் வால்யூமைக் கடைசிவரை குறைத்துப் பாருங்கள். குறைத்தும் மாறாமல் ஒரே அளவில் கேட்டால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கிறான். முப்பது வருடத்தில் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். அந்தச் சத்தம் 100 ஹெர்ட்ஸ், சற்றே கரகரப்பாக இருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டையும் மாற்றுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் சார்ஜ் நிற்கும்.

உருவியதும் உறுமல் நின்றதா? பின்களைத் திரும்ப மாட்டி, மறுமுனையைச் சார்ஜரில் இல்லாத ஒரு செல்போனில் செருகிப் பாட்டுப் போடுங்கள். ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் பேட்டரியில் ஓடும் லேப்டாப். பாட்டு இடையே நிற்கும்போது ஸ்பீக்கரில் நிசப்தம் இருக்க வேண்டும். பிறகு அதே போனைச் சார்ஜரில் போடுங்கள். பல வீடுகளில் அந்த நொடியே உறுமல் வந்து உட்காரும். கேபிளும் அதேதான், ஆம்ப்ளிஃபயரும் அதேதான். கடைக்காரரையும் கூட்டிவந்து காட்டலாம்.

இனி மருந்து. கம்ப்யூட்டர், மானிட்டர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். வளையம் சுருங்கிவிடும், பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடியும். அந்த பாக்ஸ் செருகும் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரோடு டிவி கேபிளோ டிஷ் ஒயரோ ஏதாவது வழியில் சேர்ந்திருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், அதுவும் மாடியிலிருந்து தன் பங்குக்கு ஒரு எர்த்தைக் கொண்டுவரும்.

இவ்வளவுக்கும் போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன டப்பா கிடைக்கும். உள்ளே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்றாக இரண்டு குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், வலை அங்கேயே அறுந்துவிடும். மிக மலிவானவற்றில் அடி பேஸ் கொஞ்சம் மெலியும். கம்ப்யூட்டரில் ஆப்டிகல் அவுட் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஓடுவது வெளிச்சம், எர்த் அதைத் தாண்டாது; ஆனால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் அதை ஒலியாக்க ஒரு டேக் டப்பா வாங்க வேண்டும். புளூடூத் ரிசீவரும் இதே வேலையைச் செய்யும், படம் பார்க்கும்போது மட்டும் உதட்டசைவு சற்று முந்திவிடும். யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கச் சொல்வார்கள். மதர்போர்டின் சலசலப்பு குறையலாம், ஆனால் யு.எஸ்.பி. ஒயரிலும் கிரவுண்ட் கூடவே வருவதால் வளையம் அப்படியே இருக்கும்.

பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும், உண்மை. நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் கழன்று உடம்பில் பட்டால் ஃபியூஸ் போகாது, ஆம்ப்ளிஃபயரைத் தொடும் ஆளைத் தேடும். செய்யவே கூடாது.

ஸ்பீக்கர் பக்கம் அதிகம் சொல்வதற்கில்லை. 1.5 சதுர எம்.எம். செம்பு ஒயர், சாதாரண எலெக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பதே போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர அதன் தடை சுமார் 0.13 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. தோலை உரித்ததும் இழைகளை நன்றாக முறுக்கி, முடிந்தால் ஈயம் வைத்து மாட்டுங்கள். என் முதல் ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஜோடி 3055 டிரான்சிஸ்டர் புகைந்து போனதற்குக் காரணம், சிவப்பிலிருந்து நழுவிக் கறுப்பைத் தொட்ட மயிரிழை அளவு செம்பு. மாட்டுவதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் ஆஃபில் இருக்கும்போதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு பெட்டி போதும். ஆசைப்பட்டு ஒரே முனைகளில் இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கம் பக்கமாகக் கோத்தால் அது 4 ஓம் ஆகிவிடும், பழைய செட் சூடேறும்.

சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. பெட்டியில் நிறம் மங்கியிருந்தால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய நிலையில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒயரின் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பெட்டியின் முன்துணியைக் கழற்றிக் கூம்பைப் பாருங்கள். வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு. ஒரு பெட்டி மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார்.

அப்புறம் ஒன்று. அப்பாவின் செட் ஒருவேளை பழுதுபார்க்க முடியாமல் போய், சென்னை ரிச்சி தெருவில் 3116 சிப் போட்டது போன்ற சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கினீர்கள் என்றால், அதில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பையும் சேர்த்து ஒரே ஒயரில் இழுக்கும் பழைய பழக்கம் அங்கே போர்டைக் கொன்றுவிடும். வால்யூம் இல்லாத வெறும் பவர் ஆம்ப்ளிஃபயர் என்றால் நடுவில் 10 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் வால்யூம் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் கம்ப்யூட்டரின் அறிவிப்பு மணி ஒன்று முழு வாட்ஸில் தெருவையே எழுப்பும்.

உங்கள் செட்டில் வால்யூம் இருப்பதால் கம்ப்யூட்டரின் ஒலி அளவை 80, 90-ல் நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். கம்ப்யூட்டரை 20-ல் வைத்து ஆம்ப்ளிஃபயரை முறுக்கினால் பாட்டோடு சலசலப்பும் சேர்ந்து பெரிதாகும். பெட்டியில் எழுதிய 40 வாட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டு அறையில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்ஸ். கரகரப்பு தொடங்கும் இடத்தில் குறைத்துவிட்டால் போதும். அந்தக் கரகரப்போடு தொடர்ந்து ஓட்டினால் முதலில் போவது ட்வீட்டர், கீச்சு ஒலிகளைத் தரும் குட்டி ஸ்பீக்கர்.

போடும்போது கம்ப்யூட்டர் முழுதாக எழுந்த பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு அடி விழும்.