விசா மறுக்கப்பட்டால் பணம் முழுவதும் போய்விடுமா?

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறாள். வயது 19. கல்லூரியின் பிரெஞ்சுத் துறை 23 மாணவர்களை ஒன்பது இரவுகள் பாரிஸ், லியோன், ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ் நகரங்களுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வதாகச் சுற்றறிக்கை அனுப்பியது. கல்லூரி அலுவலகத்தில் 25,000 ரூபாயும், அவர்கள் ஏற்பாடு செய்த சென்னைப் பயண நிறுவனத்தின் கணக்கில் 2,09,000 ரூபாயும் கட்டினேன். 14 பேர் போய்வந்துவிட்டார்கள். பின்னால் விண்ணப்பித்த ஒன்பது பேருக்கும் விசா மறுக்கப்பட்டது. அதில் என் மகளும் ஒருத்தி. 'விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பத் தரப்படாது' என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டி நிறுவனம் கைவிரிக்கிறது. நல்லெண்ண அடிப்படையில் 18,000 ரூபாய் தருவார்களாம், கையெழுத்துப் போட வேண்டுமாம். 'நாங்கள் இடையில் நின்றவர்கள்தான்' என்கிறது கல்லூரி. போலீசுக்குப் போகலாமா? மேற்படிப்புக்கு பிரான்ஸ் போக நினைக்கும் என் மகளை இந்த மறுப்பு பாதிக்குமா?

— ஒரு தந்தை, கடலூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நீட்டும் தாளில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருக்கும். பதினெட்டாயிரத்துக்காக அதில் ஒப்பமிட்டால் மீதி இரண்டு லட்சத்துக்கு நீங்களே கதவைச் சாத்தியவர் ஆவீர்கள். அவசரத்துக்கு அந்தப் பணம் வேண்டுமென்றால், 'ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாக மட்டும் பெறுகிறேன்' என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படி எழுத விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய படிகளில் நான் அதிக நேரம் பார்த்தது அந்தப் பின்பக்கத்து அச்சை அல்ல, தூதரகம் கொடுத்த மறுப்புத் தாளை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான படிவம் அது. காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், பொருந்துவதற்கு எதிரே குறி போடுவார்கள். உங்கள் மகளின் தாளில் விழுந்திருக்கும் குறி ஒன்றே ஒன்று: பயணத்தின் நோக்கத்துக்கும் தங்கும் ஏற்பாட்டுக்கும் உரிய சான்று தரப்படவில்லை. பணவசதி போதவில்லை என்றோ, திரும்பி வருவாரா என்பது சந்தேகம் என்றோ குறி இல்லை. வழக்கின் உயிர்நாடி அந்தக் குறிதான்.

ஏன் என்றால், நிறுவனம் கொடுத்த பயணத்திட்டத்தைப் பாருங்கள். பாரிசில் நான்கு இரவு, லியோனில் இரண்டு, ஜெனீவாவில் ஒன்று, பிரஸ்ஸல்சில் இரண்டு. நீங்கள் அனுப்பிய விண்ணப்பக் கோப்பின் நகலில் பாரிஸ், லியோன் ஓட்டல் பதிவுகள் மட்டும் இருக்கின்றன. கடைசி மூன்று இரவுக்குத் துண்டுத்தாள்கூட இல்லை. பிரான்சில் ஆறு இரவு என்பதால் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்தது சரி. ஷெங்கன் விசாவை, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்பது இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டாமா? ஏப்ரல் மாதம் உங்கள் மகள் வாட்ஸ்அப்பில் நிறுவனத்திடம் இதையே கேட்டிருக்கிறாள்: 'ஜெனீவா ஓட்டல் பேப்பர் வரவில்லையே சார்?' பதில்: 'அது பிறகு வைத்துக்கொள்ளலாம் மா, பிரச்சினை இல்லை.' இந்த இரண்டு வரிக்கு நான் வைக்கும் மதிப்பு அந்தப் பின்பக்கம் முழுவதற்கும் இல்லை.

விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் உரிமை, எங்கள் கையில் இல்லை என்று நிறுவனம் வாதாடும். உண்மைதான். ஆனால் கோப்பைத் தயாரிப்பது அவர்கள் கையில்தான் இருந்தது. அதற்குத்தான் தனியாகக் கட்டணமும் வாங்கினார்கள். தன் வேலையைத் தவறாகச் செய்துவிட்டு, அதன் விளைவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று அச்சடித்துக்கொண்டால் அது நிபந்தனை ஆகாது. இதற்குப் பெயர் சேவைக் குறைபாடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மறுக்கப்பட்ட ஒன்பது பேரில் ஒருவருடைய தாளில் வங்கி இருப்பு பற்றிய காரணத்துக்கு எதிரே குறி விழுந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வழக்கு வேறு. பெற்றோரின் வங்கிக் கணக்குக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ஒன்பது பேரும் ஒரே மனுவில் சேர்ந்தால் அந்த ஒருவரின் பலவீனம் மற்ற எட்டுப் பேரையும் இழுக்கும். ஒத்த நலன் உடையவர்கள் நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாகப் புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், உங்களுக்கு நான் சொல்வது தனித்தனி மனு. வாசகம் ஒன்றாக இருக்கட்டும், தாள்கள் அவரவருடையதாக இருக்கட்டும்.

அந்த ஒருவருக்கும் முழுப் பணமும் போய்விடாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நெடுங்காலமாக ஒன்றைத்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையை அபராதமாக எழுதிவைத்திருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்திருக்கிறது. ஆகவே நிறுவனத்திடம் கேளுங்கள்: விமான டிக்கெட்டை எந்தத் தேதியில் ரத்து செய்தீர்கள், எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு திரும்பி வந்தது? ஓட்டல்களுக்கு உண்மையில் என்ன கட்டினீர்கள்? ஜெனீவாவிலும் பிரஸ்ஸல்சிலும் அறையே பதிவு செய்யாமல் இருந்தால் அந்த மூன்று இரவுக்கு என்ன இழப்பு? பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதைவிடப் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதையே விரும்பும்.

இனி அவர்கள் கொடுத்த பில். சுற்றுலாத் தொகை 2,00,000. ஜிஎஸ்டி 10,000. டிசிஎஸ் 10,500. விசா மற்றும் சேவைக் கட்டணம் 13,500. மொத்தம் 2,34,000. இதில் இரண்டு இடங்களில் சற்று நிற்க வேண்டும்.

டிசிஎஸ் என்பது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு சேர்த்து வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் முன்வரி. நீங்கள் கட்டியபோது 5 சதவீதம். அது நிறுவனத்தின் பணமும் அல்ல, அரசின் இறுதி வரியும் அல்ல. யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்களோ அவருடைய வரிக் கணக்கில் நிற்கும் பணம். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து 10,500 ரூபாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அந்த ஆண்டுக்குரிய கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். மகளின் பான் எண்ணாக இருந்தால் அவள் பெயரில்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஏறாமல் இருந்தால், வசூலித்த வரியை நிறுவனம் கட்டவில்லை என்று பொருள். உங்கள் புகாரில் இன்னொரு பத்தி கூடும்.

விசாக் கட்டணம் இன்னும் சுவாரசியமானது. பெரியவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பில் 16-ஆவது பிரிவு, படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ பயணம் செய்யும் மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணத்தை விலக்குகிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்துக்கு இந்த விலக்கு கிடையாது. உங்கள் பயணத்திட்டத்தில் பாரிசில் மூன்று நாள் காலை மொழி வகுப்பு இருக்கிறது. கல்லூரியின் கடிதத்தை வைத்து நிறுவனம் இந்த விலக்கைக் கேட்டதா? கேட்டுக் கிடைத்ததா? கிடைத்த பிறகும் பில்லில் போட்டதா? விண்ணப்ப மையம் கொடுத்த ரசீதின் நகலைக் கேளுங்கள், எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. குழுவில் இரண்டு பேர் சொல்தா குடும்பத்துப் பிள்ளைகள் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழிவந்தவர்கள்), பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் என்கிறீர்கள். பிரெஞ்சுக் குடிமக்கள் பிரான்சுக்குள் நுழைய விசா எதற்கு? அவர்கள் பில்லிலும் அதே 13,500 இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களிடமே இப்படி என்றால்! அந்தக் குடும்பங்களும் தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் மனுவோடு அந்தப் பில்லின் நகல் கிடைத்தால் இணையுங்கள். நிறுவனம் கணக்குப் போடும் விதத்தை அது காட்டும்.

எங்கே தொடுப்பது? 'சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்றும் பின்பக்கத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் தொழிலுக்கு எதிராகச் சொல்கிறேன், இந்த அளவு தாள்கள் கையில் இருந்தால் நீங்களே நடத்தலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். மகள் வயதுவந்தவள் என்பதால் அவளை முதல் புகார்தாரராகவும் பணம் கட்டிய உங்களை இரண்டாவதாகவும் போடுங்கள்.

மனுவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 'இந்த நிபந்தனை நியாயமற்ற ஒப்பந்தம், செல்லாது என அறிவிக்க வேண்டும்' என்று மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வழக்கைச் சட்டம் மாநில ஆணையத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்தரப்பு மனுவையே தள்ளுபடி செய்யச் சொல்லும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை இந்த இரண்டோடு நில்லுங்கள். கோரிக்கையில் பணம், வட்டி, செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதி உறுப்பினர்களின் புருவத்தை உயர்த்த வேண்டாம். ஐம்பதாயிரம் கேட்டால் காது கொடுப்பார்கள்.

அதற்கு முன் நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு அறிவிப்பு அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டம் கேட்கவில்லை, ஆனால் பலன் உண்டு. வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் கைபேசியை மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

கல்லூரி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்றது. கல்வி மட்டுமல்ல, அவை நடத்தும் சுற்றுலா, நீச்சல், விளையாட்டு எல்லாவற்றையும் பெயர் சொல்லியே விலக்கியது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. நீச்சல் குளமும் பாரிஸ் பயணமும் எப்படிக் கல்வி ஆகும் என்று இன்றும் புரியவில்லை. ஆனாலும் கல்லூரியை முதல் எதிர்தரப்பாகப் போட்டால் வழக்கு அந்த விவாதத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் முதல்வருக்கு எழுதுங்கள்: 25,000 ரூபாயை நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், அவர்களோடு செய்த ஒப்பந்தத்தின் நகல் எங்கே? அனுப்பிவிட்டார்கள் என்றால் முழுத் தொகையையும் நிறுவனத்திடமே கேளுங்கள். கல்லூரியிடமே தங்கியிருந்தால் மட்டும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேருங்கள்.

மகளின் மேற்படிப்புக்கு இது தடை அல்ல. குறுகிய கால விசா ஒன்றில் ஆவணக் குறையால் வந்த மறுப்பு அது. ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டு பதிவாக இருக்கும், அவ்வளவே. மாணவர் நீண்ட கால விசா தனி விண்ணப்பம், தனிப் பரிசீலனை. முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்று எந்த நாட்டுப் படிவம் கேட்டாலும் 'ஆம்' என்று எழுதி, மறுப்புத் தாளின் நகலை வைக்கட்டும். மறைத்தால்தான் ஆபத்து. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் இருந்தது. அது கடந்துவிட்டது, பயணத் தேதியும் கடந்த பிறகு அதனால் பயனும் இல்லை.

போலீஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றுதல் குற்றம் என்றால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். 14 பேரை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்ட நிறுவனத்தின் மேல் அது நிற்பது கடினம். பணத்துக்காகக் காவல் நிலையம் ஏறாதீர்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், வேறொன்று எழுதியிருக்கிறீர்கள்: தீர்வுத் தாளில் கையெழுத்துப் போடாததால் இரண்டு மாணவர்களின் பாஸ்போர்ட்டை நிறுவனம் இன்னும் கொடுக்கவில்லை என்று. இதற்குக் காவல் நிலையம் போகலாம், போகவும் வேண்டும். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதை அடகுபோல் பிடித்துவைக்க எந்தப் பயண நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. அந்த இரண்டு குடும்பங்களும் நாளைக் காலையே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் 24 மணி நேரக் கெடு கொடுக்கட்டும். வராவிட்டால் அந்த மின்னஞ்சலின் நகலோடு எழுத்துப் புகார். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், அதோடு கொடுத்த மறுப்புத் தாளும் உடன் வந்திருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மகளின் தாளைப்போல அவர்களுடைய தாளிலும் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவர்களுக்கு என்ன மனு எழுதுவது என்று சொல்ல முடியும்.