ஒரு சமூகத்தைக் கட்டி வைப்பது மொழியா, சமயச் சடங்கா?

சமூகப் பிணைப்பு என்றால், முன்பின் தெரியாத ஒருவரையும் 'நம்மவர்' என்று நினைத்து அவருக்காக ஏதாவது செய்யத் தோன்றுவது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரைப் பாருங்கள். காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது, ஆனால் அங்கே தமிழ் எல்லோருக்கும் பொது. நகரத்தார் வீட்டு ஆச்சி பேசும் தமிழைத்தான் பக்கத்துத் தெரு ராவுத்தரும் பேசுகிறார். ஆகவே மொழி ஊரைச் சேர்க்கும். நகரத்தாரைத் தனியாக அடையாளம் காட்டாது.

அந்த வேலையைச் செய்வது இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணமானதும் தம்பதி ஒரு 'புள்ளி'. கோயில் கணக்கில் பெயர் ஏறும், வரி கட்ட வேண்டும். பெண் எடுப்பதும் கோயில் பார்த்துத்தான். திருக்கார்த்திகை தீபம் கழிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 நூலிழையைத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். (சின்னப் பிள்ளைகள் முதல் தடவை படும் பாடு தனி!) பர்மா, மலேயா என்று வட்டிக்கடை வைக்கப் போன இடத்திலும் முருகனுக்குக் கோயில் கட்டிக்கொண்டது இதனால்தான், கூடுவதற்கு ஓர் இடம் வேண்டுமே.

சீட்டுப் பிடிப்பது மாதிரிதான் இது. தவணை தவறாமல் பணம் கட்டுவதால்தான் உறவு நிற்கிறது, ஒரே பாஷை பேசுவதால் அல்ல.

அப்புறம், 'அப்படியானால் மதம்தான் பிணைக்கிறது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரியில்லை: சிவனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள் கோடிக்கணக்கில் உண்டு, புள்ளிக் கணக்கில் அவர்கள் யாரும் இல்லை.